நம்ம வீட்டுக் கயிறு

எட்டு நாளாக மனாசே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதால் தேற்றலாம். குடித்தால் திட்டலாம். கையை ஓங்கினால்கூட பெண்டாட்டி சியாலே நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவனோ காலையில் எழுந்தான், முகம் கழுவினான், வைத்ததைத் தின்றான், நெயாஃபு துறைக்குப் போய், அங்கே வருகிற கப்பல்களின் வடத்தைப் பிடித்துத் தூணில் மாட்டினான், வீட்டுக்குத் திரும்பினான். மரவள்ளிக்கிழங்கில் உப்புப் போட மறந்த அன்றைக்கும் தின்றான், தேங்காய்ப்பால் திரிந்துபோன அன்றைக்கும் தின்றான்.

"உப்பு இருக்கா?" என்று கேட்டாள் சியாலே.

"எதுல?"

"இப்ப வாயில போட்டியே, அதுல."

"இருக்கும்."

"இருக்கும்னா? உன் வாயா, பக்கத்து வீட்டுக்காரன் வாயா?"

அவன் சட்டியை எடுத்துப்போய்க் கழுவி வைத்தான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் சட்டி கழுவியதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

செத்தவன் கிதியோனே. மனாசேயின் அக்காள் ஹெபிசிபாவின் புருஷன். 'லூபே' என்று ஒரு படகு வைத்துக்கொண்டு வெளித்தீவுகளுக்கு மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிப்போவான், வரும்போது கொப்பரை மூட்டை கொண்டுவருவான். தடித்த ஆள், பெரிய சிரிப்பு. பந்தியில் உட்கார்ந்தால் சேம்பிலையில் பொதிந்து அவித்த இறைச்சியில் நாலு பொட்டலத்தை முடித்துவிட்டு, "இன்னிக்குப் பசி இல்ல, அதான்" என்பான். போன வாரத் திங்கட்கிழமை பிடித்த புயலில் துறைமேடைக்கும் தன் படகுக்கும் இடையே விழுந்து நசுங்கிப் போனான்.

புயல் வருகிறது என்று ஞாயிறு ஆராதனையிலேயே போதகர் அறிவித்திருந்தார். காற்று வெளியே அடிக்கிற வரைக்கும் துறை தாய்மடிதான். அது தென்மேற்கே திரும்பித் துறையைப் பார்த்து அடிக்க ஆரம்பித்துவிட்டால், துறையை மாதிரி எமன் கிடையாது. படகைத் தூக்கித் தூக்கிக் கல்லில் மோதும். அதனால் சின்னப் படகுக்காரர்கள் காற்று திரும்புமுன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு உட்கழிக்குப் போய் அலையாத்தி மரங்களுக்குள் சொருகிக்கொள்வார்கள். எல்லோரும் போனார்கள். கிதியோனே மட்டும் கொப்பரை நனைந்துவிடும் என்று கடைசி மூட்டை இறங்குகிறவரை நின்றான். அதற்குள் தலைநகரத்திலிருந்து வந்த சரக்குக் கப்பல் ஒதுங்க இடம் தேடித் துறைக்கு வந்து, லூபே கட்டியிருந்த அதே தூணில் தன் வடத்தை மாட்டிக்கொண்டது.

கிதியோனே கிளம்பும்போது அவன் கயிறு தூணைவிட்டு வரவில்லை. கப்பலின் வடம் அதன் தலைமேல் கிடந்து இறுக்கிக்கொண்டிருந்தது. துறையில் குதித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். "எந்த முட்டாப்பயடா இப்படி மாட்டுனது?" என்று அவன் கத்தியது மழைக்குள் துறை முழுக்கக் கேட்டது. பிறகு படகுக்குத் தாவி, முன்பக்கம் போய், கோடாலியால் கயிற்றை வெட்டினான். கயிறு அறுந்ததும் படகு துள்ளியது. ஆள் விழுந்தான். அவ்வளவுதான்.

துறையில் வடம் பிடிக்கிறவன் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. கரையில் நட்டிருக்கிற இரும்புத் தூண் ஒன்று, கட்ட வருகிறவர்களோ இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். முன்னால் வந்தவனுடைய கயிற்று வளையம் தூணில் கிடந்தால், பின்னால் வந்தவன் வளையத்தை அதன் தலையில் போடக்கூடாது. முதல் வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு எடுத்து, அப்புறம்தான் தூணில் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் எவன் முதலில் கிளம்பினாலும் மற்றவனைக் கேட்க வேண்டியதில்லை, தன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். தலையில் போட்டுவிட்டால், மேலே கிடப்பவன் விட்டால்தான் கீழே கிடப்பவனுக்கு விடுதலை. இதற்குப் படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம். ஒரு கைத்திருப்பு, அவ்வளவுதான் வேலை.

கப்பலின் மாலுமி எவனோதான் கரைக்குக் குதித்து அவசரத்தில் அப்படிப் போட்டிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. காதில் வளையம் போட்ட ஒருத்தன் அன்றைக்குத் துறையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஊருக்கு அது போதும். கிதியோனேயின் தம்பி பெனி இழவு வீட்டில் கவா என்கிற வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"அடுத்த வார வெள்ளிக்கிழம கப்பல் திரும்ப வருதில்ல? வரட்டும். அவன் எந்தக் கையால மாட்டுனானோ அந்தக் கையை ஒடிச்சு அவன் கழுத்துலயே மாட்டி அனுப்புறேன்."

அந்தப் பேச்சு நடந்தபோது மனாசே வெளியே குழி அடுப்பில் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்காள் வீட்டு இழவென்றால் தம்பிதான் அடுப்படியில் கிடந்து சாக வேண்டும், அது அந்த ஊர் முறை. துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்புத் துணியும் இடுப்பில் கிழிந்த பழம்பாயும் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாளாய்ப் புகைக்குள்தான் கிடந்தார்கள். சியாலே வள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். பெனி சொன்னதைக் கேட்டதும் மனாசே கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

"அந்த வடத்தை மாட்டுனது நான்தான்," என்றான்.

"எந்த வடம்?"

"கப்பலோடது."

சியாலேக்கு முதலில் புரியவில்லை. கிழங்கைப் பாதி சீவி, கத்தியை நிறுத்தினாள்.

"நீயா? நீ அந்தக் கோடியில இல்ல இருந்த?"

"மாட்டிட்டுத்தான் அந்தக் கோடிக்குப் போனேன்."

"பத்தொம்பது வருஷமா மாட்டுற கை. அன்னிக்கு மட்டும் எப்படிய்யா?"

அவன் சூடேறிய கல்லை வெறுங்கையால் நகர்த்தினான். அவள்தான் "ஐயோ" என்று கையைத் தட்டிவிட்டாள். தோல் வெந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"அக்காகிட்ட சொல்லிரு."

"நானா?"

"பின்ன நானா சொல்ல முடியும்?"

அதுவும் சரிதான். அந்தத் தீவுகளில் அக்காளும் தம்பியும் வயசுக்கு வந்தபின் ஒரே கூரையின் கீழ் உட்கார மாட்டார்கள். அக்காள் இருக்கிற இடத்தில் தம்பி சத்தமாகச் சிரிக்க மாட்டான், அவள் முகம் பார்த்துப் பேச மாட்டான். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் பெண்டாட்டி வாய்வழியாகத்தான் போகும், பெண்டாட்டி வாய்வழியாகத்தான் வரும். அப்படி சியாலே கொண்டுபோய்க் கொடுத்த சேதிகள் கொஞ்சமா நஞ்சமா? பன்றி குட்டி போட்டது, கூரைக்குத் தகரம் வந்தது, அப்பாவுக்கு மூச்சு நின்றது எல்லாம் அவள் சுமந்ததுதான். இந்தச் சேதி மட்டும் அவள் தொண்டையைத் தாண்டவில்லை.

காரணம் வீகா. மூத்த மகள், எட்டு மாசக் கர்ப்பிணி. தலைச்சன் பிள்ளை. அப்பனோடு பிறந்த அத்தை மனசு நொந்தால் மருமகள் வயிறு கட்டிக்கொள்ளும் என்பது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். வலி கண்டு பிள்ளை இறங்காமல் கிடந்தால், மருத்துவச்சி கேட்கிற முதல் கேள்வி, "அத்தையை என்ன பண்ணுனீங்க?" என்பதுதான். அத்தையின் காலில் விழுந்து, அவள் வந்து வயிற்றைத் தடவி மன்னித்த பிறகுதான் பிள்ளை இறங்கிய கதைகள் தெருவுக்கு நாலு உண்டு. இறங்காமலே போன கதைகளும் உண்டு. சும்மா கோபித்த அத்தையாலேயே அந்தக் கதி என்றால், புருஷனைப் பறிகொடுத்த அத்தையால்?

"பிள்ளை பொறக்கட்டும், சொல்லுறேன்," என்றாள்.

"வெள்ளிக்கிழம கப்பல் வந்துரும்."

"வந்தா வரட்டும். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் கை. நம்ம பொண்ணு உசுருக்கு முன்னால அது பெருசா?"

சொல்லிவிட்டு அவளே நடுங்கிப் போனாள். அவன் அவளைப் பார்த்தான், திட்டவில்லை. திரும்பவும் கல் அடுக்கப் போய்விட்டான். அன்றிலிருந்துதான் இந்தப் பேச்சில்லாத சோறு.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு சியாலே துறைக்குப் போனாள். புயல் வந்துபோன சுவடே தெரியாமல் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. மனாசே கோடியில் ஒரு வெள்ளைக்காரனுடைய பாய்மரப் படகுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி லொபெத்தி நிழலில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வாய் சும்மா இருக்காத ஆள்.

"வா தங்கச்சி. எனக்கும் சேத்துக் கொண்டுவந்தியா, இல்ல வழக்கம்போல வாசனை மட்டும்தானா?"

"உங்க வீட்டுல அடுப்பு எரியலையா அண்ணே?"

"எரியுது. நான் போனா இன்னும் நல்லா எரியும். அதான் இங்க உக்காந்திருக்கேன்." ரொட்டியை விழுங்கிவிட்டுக் கோடிப்பக்கம் தாடையால் காட்டினான். "உன் புருஷனைப் பாத்தியா? மாட்டுறான், போறான், திரும்பி வந்து பாக்குறான். திரும்ப வந்து குனிஞ்சு தொட்டுப் பாக்குறான். ஒரு தூணை மூணு தடவை. உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ஒரு தடவைதான் பாத்திருப்பான்."

"அன்னிக்கும் குனிஞ்சேதான் இருந்தாரு," என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

லொபெத்தியும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"தங்கச்சி, புயல் அன்னிக்கு நானும் இங்கதான் நின்னேன். அந்தக் காது வளையக்காரன் கரைக்கு வந்தது நெசம். ஆனா அவன் நின்னது பின்பக்கத் தூணுல. லூபே கட்டியிருந்த முன்பக்கத் தூணுல இல்ல."

சியாலே சாப்பாட்டுக் கிண்ணங்களைக் கீழே வைத்தாள்.

"இதை யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா? பெனி கேட்டானா? அவனுக்கு ஒடைக்க ஒரு கை வேணும். நானும் நாள் போனா ஆத்திரம் ஆறிரும்னு இருந்தேன். ஆறல. சவுக்குக் கட்டை வெட்டி வச்சிருக்கான்." எழுந்து வேட்டியைத் தட்டினான். "நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. ஆனா வெள்ளிக்கிழம காலையில எனக்கு வாயை மூடிட்டு நிக்க முடியாது பாத்துக்க. நான் சொல்லி அது தெரியறது நல்லா இருக்காது."

மனாசே வந்து சாப்பிட உட்கார்ந்தான். உள்ளங்கையில் வெந்த இடம் நீர் கோத்து உடைந்து, உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளையாக இருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாருடைய கையோ என்பதுபோல. "தெரியல," என்றான்.

அவனை அப்படியே கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது அவளுக்கு. துறை முழுக்க ஆட்கள். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை, அடக்கம் செய்து பத்தாம் நாள். கல்லறைமேல் பரப்புகிற கருங்கூழாங்கற்களைப் பெண்கள் கழுவித் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்க வேண்டும். ஒவ்வொரு கல்லாக எடுத்து, தேய்த்து, பாயில் வைக்க வேண்டும். காலையில் தொடங்கிய கூட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்தது. ஹெபிசிபா சாப்பிடப் போகவில்லை. பாய்க்கு முன்னால் தலைமுடி விரிந்து கிடக்க உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை கிழிந்த பாய் சுற்றியிருந்ததில், அந்தப் பெரிய உடம்பு சின்னதாகத் தெரிந்தது. சியாலே ஒரு தட்டில் கிழங்கும் மீனும் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒரு வாய் சாப்பிடுங்க மதினி."

"வச்சிட்டுப் போ."

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க. பூனைதான் தின்னுச்சு."

"பூனைக்கும் வயிறு இருக்கில்ல."

சியாலே போகவில்லை. உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்தாள். எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாள். இரண்டாவது கல். மூன்றாவது. பத்துக் கல் ஆனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், பத்து ஆயிற்று. இருபதில் சொல்லலாம் என்றிருந்தாள், அதுவும் ஆயிற்று.

"ஒரே கல்லை எத்தனை தடவை தேப்ப?" என்றாள் ஹெபிசிபா, நிமிராமல். "என்ன கொண்டுவந்திருக்க? உன் புருஷன் என்ன சொல்லி அனுப்புனான்?"

"மதினி, முதல்ல எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. வீகா வயித்துமேல கோவத்தை விட்டுறாதீங்க. என் தலையில போடுங்க, தாங்கிக்கிறேன். அவர் தலையில போடுங்க. அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாது."

ஹெபிசிபாவின் கை நின்றது.

"சொல்லு."

"அந்த வடத்தை மாட்டுனது கப்பல்காரன் இல்ல. உங்க தம்பி."

சொல்லிவிட்டாள். வானம் இடியவில்லை. பின்கட்டில் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. பூனை வந்து மீனை மோந்து பார்த்தது, ஹெபிசிபா அதை விரட்டவில்லை. கையிலிருந்த கல்லைப் பாயில் வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"திட்டுங்க மதினி. என்னை அடிங்க. இப்படி இருக்காதீங்க."

"சபிக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்ல பிள்ள?" என்றாள் ஹெபிசிபா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "பத்து நாளா அது எங்க இருக்குன்னே தெரியல. கிள்ளிப் பாக்குறேன், உறைக்கல. அவரை மண்ணுல வைக்கிறப்ப எனக்கு என்ன நெனப்பு வந்துச்சு தெரியுமா? வெளியில காயப்போட்ட பாயை எடுக்கலையேன்னு. அதுதான் வந்துச்சு."

சியாலே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹெபிசிபா அவள் அழுது முடிக்கிறவரை பொறுத்திருந்தாள்.

"எப்படி மாட்டுனான்?"

"தலைமேல போட்டுட்டாராம். கீழ விட்டு எடுக்காம."

"அப்படின்னா?"

"எனக்கு வாயால சொல்லத் தெரியல மதினி."

முப்பது வருஷம் படகுக்காரன் பெண்டாட்டி, பத்தொன்பது வருஷம் துறைக்காரன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் அந்தத் தூணில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பெண்கள் கிழங்குக் கூடையை இறக்கவும், மூட்டையை எண்ணவும், ஆண்களைத் திட்டவும்தான் துறைக்குப் போவார்கள்.

"நாளைக்குக் காலையில நான் துறைக்கு வரேன்," என்றாள் ஹெபிசிபா. "கப்பல் வர்றதுக்கு முன்னால. அவனை அங்க இருக்கச் சொல்லு. பெனியை நான் பாத்துக்கிறேன்."

"எதுக்கு மதினி?"

"பாக்கணும்."

வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறுவதற்குள் இரண்டு பெண்களும் துறைக்குப் போனார்கள். பெனி முன்னாலேயே வந்து மீன் கொட்டகை ஓரம் நின்றிருந்தான், கையில் கட்டை இல்லை. ராத்திரி அண்ணி என்ன சொன்னாளோ, கண் வீங்கியிருந்தது. தலை குனிந்தபடி நின்றானே தவிர, மனாசே பக்கம் திரும்பவே இல்லை. லொபெத்தி தேநீர்க் கோப்பையோடு எழுந்தவன், ஹெபிசிபாவைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தான். துக்கப் பாயோடு ஒரு விதவை துறைக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

மனாசே அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். அக்காளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காட்டு," என்றாள் ஹெபிசிபா.

சியாலேயைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அவனிடம் சொன்னாள். வயசுக்கு வந்தபின் அந்த அக்காள் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது.

லொபெத்தி தானே போய் இரண்டு கயிறு எடுத்துவந்தான், ஒன்று மெல்லிசு, ஒன்று தடித்த வடம். மெல்லிய கயிற்றின் வளையத்தை மனாசே தூணில் மாட்டினான். அதன் தலைமேல் வடத்தின் வளையத்தைப் போட்டான். லொபெத்தியும் இன்னும் மூன்று பேரும் வடத்தைப் பிடித்துக் கப்பல் இழுக்கிற மாதிரி சாய்ந்து இழுத்தார்கள்.

ஹெபிசிபா குனிந்து மெல்லிய கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. தூணில் காலை உதைத்து இழுத்தாள். பாய் அவிழ்ந்து சரிந்தது, சியாலே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க, விரல் சிவக்க, இன்னும் இழுத்தாள். வடம் பிடித்த ஆட்களில் ஒருத்தன் பாவம் பார்த்து லேசாகத் தளர்த்தினான்.

"விடாத," என்றாள். "புயல் விட்டுச்சா?"

அவன் மறுபடி சாய்ந்தான். அவள் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பச் சரியா மாட்டு."

மனாசே வடத்தை எடுத்தான். மெல்லிய கயிற்றின் வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டான், வெளியே எடுத்தான், தூணில் மாட்டினான். ஆட்கள் முன்பைவிடப் பலமாக இழுத்தார்கள். ஹெபிசிபா மெல்லிய கயிற்றைத் தூக்கினாள். ஒரு கையாலேயே வந்துவிட்டது. பாத்திரத்து மூடியைத் தூக்குவதுபோல வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தூணைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

லொபெத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாப் படகுக்கும் இப்படித்தான் மாட்டுவியா?"

"ஆமாக்கா," என்றான் மனாசே, தரையைப் பார்த்து.

"அன்னிக்கு ஏன் மாட்டல?"

பெண்டாட்டி கேட்டு வராத பதில், ஊர் முன்னால் வர வேண்டியிருந்தது.

"மழை. கப்பல்காரன் மேலேர்ந்து கத்துறான். கீழ எந்தப் படகோட கயிறு கெடக்குன்னு பாத்தேன். அந்நியன் படகா இருந்தா கீழ விட்டு எடுத்திருப்பேன்க்கா. லூபேன்னு பாத்தேன். நம்ம படகுதானே, மச்சான் கிளம்புறப்ப நம்மளைக் கூப்பிடாமயா போவாரு, வந்து தூக்கி விட்டுக்கலாம்னு... நம்ம வீட்டுக் கயிறுதானேன்னு..." அதற்குமேல் வரவில்லை. "அவர் கத்துனது எனக்குக் கேட்டுச்சு. ஓடி வந்தேன். எட்டல."

ஹெபிசிபா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினாள். அவசரப்படாமல், வட்டம் வட்டமாகச் சுருட்டித் தூணின்மேல் வைத்தாள். பாயை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு சியாலே பக்கம் திரும்பினாள். முகம் மறுபடியும் பழைய முறைக்குப் போய்விட்டது.

"அவன்கிட்ட சொல்லு," என்றாள். "லூபே அடுத்த மாசம் பழுது முடிஞ்சு தண்ணியில இறங்கும். என் பெரியவன் ஓட்டுவான். அது துறைக்கு வர்றப்ப எல்லாம் கயித்தை இவன்தான் பிடிக்கணும். வேற யாரும் பிடிக்கக் கூடாது."

"சரி மதினி."

"பிடிக்கிறப்ப அது அக்கா வீட்டுப் படகுன்னு நெனைக்கக் கூடாது. யாரோ ஊர் பேர் தெரியாத அந்நியன் படகுன்னு நெனச்சுக் கட்டச் சொல்லு."

"சரி மதினி."

"வீகாவுக்கு வலி கண்டா எனக்கு ஆள் அனுப்பு. ராத்திரியானாலும் அனுப்பு."

சொல்லிவிட்டு நடந்தாள். பெனி கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனான். சாலை மேட்டில் அவள் பாய் ஆடி ஆடி மறைகிறவரை சியாலே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் புருஷனிடம் வந்தாள். அவன் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தான், காது செவிடும் இல்லை. ஆனாலும் வந்த சொல்லைக் கொண்டு சேர்க்க வேண்டியது அவள் கடமை.

"அக்கா சொல்லுது," என்றாள். "லூபே இறங்குனதும் அதோட கயித்தை நீதான் பிடிக்கணுமாம்."

"ம்."

"வேற யாரும் பிடிக்கக் கூடாதாம்."

"ம்."

"அது அக்கா வீட்டுப் படகுன்னு நெனைக்கக் கூடாதாம். யாரோ அந்நியன் படகுன்னு நெனச்சுக் கட்டணுமாம்."

அவன் 'ம்' சொல்லவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினான். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. பத்து நாளும் சேர்த்துவைத்தது எல்லாம், அடிபட்ட மாடு கதறுகிற மாதிரி வந்தது. சியாலே பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது, உள்ளே எங்கோ கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

கழிமுகத்தில் கப்பல் ஊதியது.

"நீ இரு மனாசே," என்றான் லொபெத்தி. "இதை நான் பிடிச்சுக்கிறேன்."

மனாசே எழுந்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கப்பல் மெல்லப் பக்கவாட்டில் வந்து அணைந்தது. மேலிருந்து காதில் வளையம் போட்ட மாலுமி எறிகயிற்றை வீசினான். மனாசே அழுதுகொண்டே அதைப் பிடித்து இழுத்து வடத்தைக் கரையேற்றினான். தூணில் ஏற்கெனவே எவனுடைய மீன்படகோ கட்டியிருந்தது. குனிந்து, அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு எடுத்து, மாட்டினான். இரண்டடி போனான், திரும்பி வந்து தொட்டுப் பார்த்தான்.

மேலே நின்ற மாலுமி, தான் எதிலிருந்து தப்பினான் என்று ஒன்றும் தெரியாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கையை ஆட்டினான்.